வெள்ளி புதனை விடச் சூடு என்றால், தூரத்துக்கு என்னதான் வேலை?

ஏழாம் வகுப்புப் படிக்கும் உங்கள் மகள் ஒரு பட்டியல் போட்டிருக்கிறாள். ஒரு பக்கம் சூரியனிலிருந்து கோளின் தூரம், இன்னொரு பக்கம் அதன் வெப்பநிலை. புதன்தான் முதலில் நிற்கிறது, ஆனால் அதிகச் சூடு வெள்ளியில். கடைசியில் இருக்கும் யுரேனஸும் நெப்டியூனும் கிட்டத்தட்ட ஒரே குளிர். "அப்போ தூரத்துக்கும் கோளோட குணத்துக்கும் சம்பந்தமே இல்லையாப்பா?" என்று கேட்டிருக்கிறாள். வெள்ளி ஏன் சூடு என்பது மட்டுமே கேள்வியாக இருந்தால் இரண்டு வரியில் முடித்துவிடலாம். அவள் கேட்டது அதைவிடப் பெரியது: தூரம் என்ற ஒரே ஒரு எண்ணைக் கையில் கொடுத்தால், ஒரு கோளைப் பற்றி எதை அடித்துச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது? கெட்டிக்காரப் பெண்.

நான் கல்லூரியில் 29 ஆண்டுகள் இயற்பியல் நடத்தியவன். மாலையில் மொட்டைமாடியில் தொலைநோக்கியை வைத்து மாணவர்களுக்கு வானம் காட்டியவன். கோள்களை ஆராய்வது என் தொழில் அல்ல. ஆராய்ந்தவர்கள் எழுதியதைப் படித்து வகுப்பில் சொன்னவன், அவ்வளவுதான். அதனால் எது உறுதி, எதில் இன்னும் சண்டை நடக்கிறது என்பதைப் பிரித்தே சொல்கிறேன்.

தூரம் தனியாகவே தீர்மானிக்கும் விஷயங்கள் இரண்டு. முதலாவது, கோளின் ஆண்டு. எவ்வளவு தள்ளி இருக்கிறதோ அவ்வளவு பெரிய வட்டம். போதாததற்கு நடையும் மெதுவாகும். புதன் நொடிக்குச் சராசரியாக 47 கிலோமீட்டர் ஓடி 88 நாளில் ஒரு சுற்றை முடிக்கிறது. நெப்டியூன் நொடிக்கு ஐந்தரை கிலோமீட்டர்கூட எட்டாமல் நகர்ந்து, ஒரு சுற்றுக்கு 165 ஆண்டு எடுத்துக்கொள்கிறது. 1846-ல் அதைக் கண்டுபிடித்தார்கள். கண்டுபிடித்த பிறகு அது முதல் சுற்றை முடித்தது 2011-ல்தான். கோள் பாறையா வாயுவா, பெரிதா சிறிதா என்பதெல்லாம் இந்தக் கணக்குக்கு வேண்டாம். தூரத்தைச் சொன்னால் ஆண்டைச் சொல்லிவிடலாம்.

இரண்டாவது, வந்து சேரும் வெயில். இதை வீட்டிலேயே செய்து காட்டலாம். ஒரு அட்டையில் ஒரு சென்டிமீட்டர் சதுரமாக ஓட்டை வெட்டுங்கள். இருட்டறையில் கைபேசியின் விளக்கைப் போட்டு, அதிலிருந்து 10 சென்டிமீட்டர் தள்ளி அட்டையைப் பிடியுங்கள். விளக்கிலிருந்து 20 சென்டிமீட்டரில், ஒரு சென்டிமீட்டர் கட்டங்கள் போட்ட தாளை வையுங்கள். ஓட்டை வழியாக வந்த ஒளி தாளில் இரண்டுக்கு இரண்டாக, நான்கு கட்டத்தில் விழும். தாளை 30 சென்டிமீட்டருக்குத் தள்ளினால் மூன்றுக்கு மூன்று, ஒன்பது கட்டம். ஒளி அதே ஒளிதான், பங்கு போட்டுக்கொள்ளும் இடம்தான் கூடிவிட்டது. பூமி இருக்கும் தூரத்தில், சூரியனை நேராகப் பார்க்கும் ஒரு சதுர மீட்டரில் விழுவது சுமார் 1,361 வாட். புதனில் அது சராசரியாக 9,000-ஐத் தாண்டும், வெள்ளியில் 2,600, செவ்வாயில் 590, வியாழனில் வெறும் 50. நெப்டியூன் பூமியை விட 30 மடங்கு தள்ளி இருப்பதால் வெயில் 900-ல் ஒரு பங்கு, ஒன்றரை வாட். இதிலும் சந்தேகமே கிடையாது.

இந்த இரண்டோடு தூரத்தின் தனி அதிகாரம் முடிகிறது. வெப்பநிலை இந்தப் பட்டியலில் வராது. எவ்வளவு சம்பளம் வருகிறது என்பதைத் தூரம் சொல்லும். மாதக் கடைசியில் கையில் எவ்வளவு நிற்கும் என்பது அந்த வீட்டைப் பொறுத்தது.

இனி வெள்ளிக்கு வருவோம். மொட்டைமாடியில் தொலைநோக்கியை வெள்ளிக்குத் திருப்பும்போதெல்லாம் மாணவர்கள் ஏமாந்துபோவார்கள். மேடு பள்ளம், கோடு, புள்ளி எதுவும் தெரியாது. பிறை நிலா மாதிரி, சுண்ணாம்பு அடித்த சுவர் போல ஒரே வெள்ளை. "ஃபோகஸ் சரியில்ல சார்" என்பார்கள். ஃபோகஸ் சரியாகத்தான் இருக்கும். அவர்கள் பார்ப்பது தரையை அல்ல, கோள் முழுவதையும் போர்த்தியிருக்கும் கந்தக அமில மேகத்தை. தன் மேல் விழும் வெயிலில் முக்கால் பங்கை அந்த மேகம் அப்படியே திருப்பி அனுப்பிவிடுகிறது. கணக்குப் போட்டுப் பார்த்தால் ஒரு வேடிக்கை வரும். இரவு பகல் எல்லாம் சேர்த்துச் சராசரி எடுத்தால் பூமி ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 240 வாட் உறிஞ்சுகிறது, வெள்ளி சுமார் 160 வாட்தான். சூரியனுக்குப் பக்கத்தில் இருந்தும் வெள்ளி பூமியை விடக் குறைவாகத்தான் வாங்கிக்கொள்கிறது. அந்த வெயிலுக்கு அங்கே மைனஸ் 40 டிகிரியை ஒட்டிய குளிர் இருக்க வேண்டும்.

இருப்பதோ 460 டிகிரிக்கு மேல். ஈயம் உருகி ஓடும் சூடு. காரணம் காற்று. வெள்ளியின் வளிமண்டலத்தில் 96 சதவீதத்துக்கு மேல் கார்பன் டை ஆக்சைடு. தரையில் அதன் அழுத்தம் நம் கடல்மட்டக் காற்றழுத்தத்தைப் போல் சுமார் 90 மடங்கு. வெயில் கொஞ்சம் உள்ளே இறங்கித் தரையையும் கீழ்க்காற்றையும் சூடாக்குகிறது. அந்தச் சூடு அகச்சிவப்புக் கதிராக வெளியே கிளம்பும்போது வாயு வழிமறித்து உறிஞ்சி, ஒரு பகுதியைக் கீழேயே திருப்பி அனுப்புகிறது. வந்த அளவுக்கு வெளியே போயாக வேண்டும் என்பது விதி. தடை கனமாக இருந்தால், அந்த அளவு வெளியேறும் வரைக்கும் தரை மேலும் மேலும் கொதித்தாக வேண்டும். நம் பூமியிலும் இதேதான் நடக்கிறது, அளவோடு. வளிமண்டலம் இந்த வேலையைச் செய்யாவிட்டால் பூமியின் சராசரி மைனஸ் 18 டிகிரியாக இருக்கும். செய்வதால் 15 டிகிரியை ஒட்டி இருக்கிறது. வெள்ளியின் இந்தச் சூடு ஏட்டுக் கணக்கு மட்டுமல்ல. சோவியத் ஒன்றியத்தின் வெனேரா 7, 1970-ல் அங்கே இறங்கித் தகவல் அனுப்பியது. 1982-ல் இறங்கிய வெனேரா 13 இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகத் தாக்குப்பிடித்தது. அதற்கே பாராட்டினார்கள்.

புதனில் சேமித்து வைக்க வளிமண்டலம் என்று சொல்லும்படி எதுவும் இல்லை. பகலில் 430 டிகிரி, இரவில் மைனஸ் 180. வருவதும் போவதும் அன்றன்றைக்கே. அதைவிட ஆச்சரியம், சூரியனுக்கு மிக அருகிலுள்ள அந்தக் கோளில் பனிக்கட்டி இருக்கிறது. அதன் அச்சு சாய்வே இல்லாத அளவுக்கு நிமிர்ந்து நிற்பதால் துருவத்துப் பள்ளங்களின் அடியில் வெயில் ஒருபோதும் படுவதில்லை. 1991-ல் பூமியிலிருந்து அனுப்பிய ரேடார் அலைகள் அங்கிருந்து பளிச்சென்று எதிரொலித்தபோது சந்தேகம் வந்தது. புதனைச் சுற்றிவந்த மெசஞ்சர் விண்கலம் 2012-ல் அதை உறுதிப்படுத்தியது.

இதே பாடத்தைத் தூரத்தைத் துளியும் மாற்றாமல் படிக்க வேண்டுமா? நிலாவைப் பாருங்கள். சூரியனிலிருந்து பூமி எவ்வளவு தூரமோ நிலாவும் அவ்வளவுதான். காற்று இல்லாததால் அதன் நடுப்பகுதியில் பகலில் 120 டிகிரி, இரவில் மைனஸ் 130. சந்திரயான் 3 இறங்கிய 2023 ஆகஸ்டில், அதன் வெப்பமானி தென்துருவப் பகுதியின் மண்ணில் எடுத்த அளவு இன்னும் அழகு. மேல்மண்ணில் 50 டிகிரிக்கு மேல். அதற்கு 8 சென்டிமீட்டர் கீழே மைனஸ் 10. ஒரு விரல் நீளத்துக்குள் சித்திரையும் சைபீரியாவும்.

உங்கள் மகள் இதுவரை கேட்காத, ஆனால் கட்டாயம் கேட்கப்போகிற கேள்வி ஒன்று இருக்கிறது. 'பூமி சூரியனுக்குப் பக்கத்தில் வரும்போதுதானே கோடை?' இல்லை. பூமி சூரியனை மிக நெருங்குவது ஜனவரி முதல் வாரத்தில், நாம் மார்கழிக் குளிரில் போர்த்திக்கொண்டு கோலம் போடும் நாட்களில். அப்போது தூரம் சுமார் 14.7 கோடி கிலோமீட்டர். ஜூலை தொடக்கத்தில், ஆனி மாதத்தில், 15.2 கோடிக்கு விலகிப்போகிறது. வெயிலில் வித்தியாசம் 7 சதவீதம்தான். பருவத்தைத் தீர்மானிப்பது பூமியின் 23.4 டிகிரி சாய்வு. சென்னைக்கு நேர் உச்சியில் சூரியன் வருவது ஏப்ரல் கடைசியில், பின்னாலேயே கத்திரி. ஆனால் இதை வைத்து 'தூரத்துக்கும் பருவத்துக்கும் சம்பந்தமே இல்லை' என்று எழுதினாலும் தப்பு. செவ்வாயின் பாதை நம்முடையதை விட நீள்வட்டமானது. நெருங்கும்போதும் விலகும்போதும் வெயிலில் 40 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் வரும். அதனால் அதன் தெற்குக் கோடை வடக்குக் கோடையை விடச் சூடு, அளவில் குறுகியது. கோளையே மூடும் தூசிப் புயல்கள் பெரும்பாலும் அந்தக் காலத்தை ஒட்டித்தான் கிளம்புகின்றன.

இதுவரை சொன்னது எல்லாம் இன்றைய தூரம். என் கருத்தில், தூரம் தன் பெரிய வேலையைச் செய்தது இப்போதல்ல, கோள்கள் உருவான காலத்தில். பாடப்புத்தகங்கள் வெப்பநிலையைத் துரத்திக்கொண்டு இதை ஓரமாக விட்டுவிடுகின்றன. 460 கோடி ஆண்டுகளுக்கு முன் இளம் சூரியனைச் சுற்றி வாயுவும் தூசியும் கலந்த ஒரு தட்டு சுழன்றது. அதில் எடையில் 98 சதவீதம் ஹைட்ரஜனும் ஹீலியமும். பாறையாகவும் உலோகமாகவும் மாறக்கூடியது நூற்றில் ஒரு பங்குகூடத் தேறாது. மிச்சம்தான் நீர், மீத்தேன், அம்மோனியா போன்றவை. சூரியனுக்குப் பக்கத்தில் சூடு அதிகம் என்பதால் நீர் ஆவியாகவே திரிந்தது. கெட்டியாக ஒட்டிச் சேர முடிந்தவை இரும்பும் கல்லும் மட்டுமே. கொஞ்சம் சரக்கை வைத்துக் கட்டிய வீடு சிறியதாகத்தானே இருக்கும்? புதன், வெள்ளி, பூமி, செவ்வாய் நான்கும் அப்படிப் பிறந்த பாறைக் கோள்கள். ஒரு எல்லையைத் தாண்டியதும் நீர் பனிக்கட்டியாக உறைந்தது. இன்றைய செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவில் வரும் அந்த எல்லையைப் பனிக்கோடு என்கிறோம். அதற்கு அப்பால் கட்டுமானப் பொருள் திடீரென்று பெருகிவிட்டது. அங்கே பெரிய கரு சீக்கிரம் திரண்டு, சுற்றியிருந்த வாயுவையே இழுத்துப் போர்த்திக்கொண்டது. பூமியைப் போல் 318 மடங்கு எடையுள்ள வியாழன் அப்படி வந்தது என்பதுதான் பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம்.

ஏற்கும் விளக்கம் என்றேன், உறுதி என்று சொல்லவில்லை. பனிக்கோடு இருந்தது என்பதில் தகராறு இல்லை. ஆனால் கோள்கள் பிறந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தன என்ற நம்பிக்கைக்கு 1995-ல் அடி விழுந்தது. சுவிட்சர்லாந்தின் மிஷேல் மேயரும் டிடியே கெலோவும் 51 பெகாசி என்ற விண்மீனைச் சுற்றி ஒரு கோளைக் கண்டுபிடித்தார்கள். எடையில் வியாழனில் பாதி. ஆனால் அது தன் விண்மீனை நான்கே நாளில் சுற்றிவருகிறது, புதனை விடப் பல மடங்கு நெருக்கமாக. அந்த அனலில் அவ்வளவு பெரிய வாயுக்கோள் பிறந்திருக்க வழியில்லை என்றே பலரும் கருதினார்கள். தூரத்தில் பிறந்து உள்ளே நகர்ந்து வந்திருக்க வேண்டும். 2019-ல் அவர்களுக்கு நோபல் பரிசும் கிடைத்தது. நம் வியாழனும் சனியும் எவ்வளவு இடம் மாறின என்பது இன்றும் முடிவாகாத வழக்கு. அப்புறம் ஜூனோ விண்கலத்தின் ஈர்ப்பு அளவுகளைப் பார்த்தால், வியாழனின் நடுவில் கெட்டியான உருண்டையாகக் கரு இல்லை, கரைந்து பரவிக் கிடக்கிறது என்று தெரிகிறது. பழைய படங்களைத் திருத்தி வரைய வேண்டியதாயிற்று.

பனிக்கோட்டுக்கு உள்ளே பிறந்த பூமிக்குக் கடல் எப்படி வந்தது? நல்ல இடக்கான கேள்வி. வால்மீன்கள் கொண்டுவந்தன என்று நானே பல ஆண்டு சொல்லியிருக்கிறேன். 2014-ல் ரோசெட்டா விண்கலம் ஒரு வால்மீனின் நீரை அளந்தபோது, அதில் கன ஹைட்ரஜனின் (சாதா ஹைட்ரஜனை விட எடை கூடிய வகை) விகிதம் நம் கடல்நீரில் இருப்பதைப் போல் மூன்று மடங்கு இருந்தது. அந்த வகை வால்மீன்தான் கடலை நிரப்பியது என்று இனிச் சுலபமாகச் சொல்ல முடியாது. நீர் கலந்த சிறுகோள்கள் பக்கம் இப்போது தராசு சாய்கிறது.

பட்டியலின் கடைசி வரிக்கு வருகிறேன். நெப்டியூனுக்குக் கிடைக்கும் வெயில் யுரேனஸுக்குக் கிடைப்பதில் பாதிகூட இல்லை, ஆனாலும் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே குளிர். காரணம், நெப்டியூனுக்குச் சொந்த அடுப்பு உண்டு. பிறந்தபோது சேர்ந்த சூடு இன்னும் உள்ளிருந்து கசிகிறது. சூரியனிடம் வாங்குவதைப் போல் இரண்டரை மடங்குக்கு மேல் அது வெளியே விடுகிறது. யுரேனஸில் அப்படி எதுவும் தெரியவில்லை என்று 1986-ல் கடந்துபோன வாயேஜர் 2 சொன்னது. கொஞ்சம் இருக்கிறது என்கின்றன சமீபத்திய மறுகணக்குகள். ஒரே மாதிரியான இரண்டு கோள்களில் ஒன்று மட்டும் ஏன் ஆறிப்போனது என்பதற்கு எல்லோரும் ஒப்பும் விடை இல்லை. சூரியனை நம்பாத இன்னொரு அடுப்பு வியாழனின் அயோ நிலாவில் எரிகிறது. வியாழனும் பக்கத்து நிலாக்களும் இழுக்கும் இழுப்பில் அதன் உடம்பு பிசைபட்டு உள்ளுக்குள் உருகுகிறது. 1979 மார்ச்சில் வாயேஜர் 1 அங்கே எரிமலைகள் பொங்குவதைப் படம் பிடித்தது. அப்படி இருக்கலாம் என்று மூன்று பேர் கணக்குப் போட்டு எழுதிய கட்டுரை அதற்குச் சில நாள் முன்புதான் வெளியாகியிருந்தது.

செவ்வாயைப் பற்றி ஒரு வார்த்தை. அதன் குளிருக்குத் தூரம் ஒரு பாதிக் காரணம்தான். பூமியில் பத்தில் ஒரு பங்கு எடை, காந்தப்புலம் வெகு காலத்துக்கு முன்பே அணைந்துவிட்டது. இருந்த காற்றின் பெரும்பகுதியைப் பிடித்துவைக்க முடியாமல் விண்வெளிக்கு விட்டுவிட்டது. இன்று மிஞ்சியிருக்கும் அழுத்தம் நம்முடையதில் ஒரு சதவீதம்கூட இல்லை. அதே தூரத்தில் பூமி அளவுக்கு ஒரு கோள் இருந்திருந்தால் கதை வேறாகியிருக்கலாம்.

வெள்ளியில் ஒரு காலத்தில் கடல் இருந்ததா என்று நீங்கள் கேட்டால், இருந்தது என்று ஒரு சாரார், நீர் ஆவியாகவே இருந்து மழையாக இறங்கவே இல்லை என்று இன்னொரு சாரார். வெள்ளியின் காற்றில் கன ஹைட்ரஜன் பூமியில் இருப்பதை விட நூறு மடங்குக்கு மேல் செறிந்திருக்கிறது. நீர் உடையும்போது லேசான ஹைட்ரஜன்தான் சுலபமாகத் தப்பும், கனமானது மிஞ்சும் என்பதால், நிறைய நீரை அது இழந்தது என்பது மட்டும் நிச்சயம். இளம் சூரியன் இன்றைய வெளிச்சத்தில் 70 சதவீதம்தான் தந்தது என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். தூரம் மாறாமலே, விளக்கு மெல்ல மெல்லப் பிரகாசமாகிக்கொண்டே வந்திருக்கிறது.

கடைசியாக என் தவறு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். புதனின் இரும்புக் கரு அந்தக் கோளின் ஆரத்தில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல். ஏன் இவ்வளவு பெரிது? 'சூரியனுக்கு அருகில் இருந்ததால் மேல்பாறை கொதித்து ஆவியாகிவிட்டது' என்று பல ஆண்டுகள் கரும்பலகையில் எழுதினேன். தூரத்தை வைத்துச் சொல்லும் விளக்கம், கேட்க நன்றாக இருந்தது. 2011-ல் புதனைச் சுற்றத் தொடங்கிய மெசஞ்சர் அதன் தரையில் கந்தகத்தையும் பொட்டாசியத்தையும் தாராளமாகக் கண்டது. அவ்வளவு கொதித்திருந்தால் முதலில் பறந்துபோயிருக்க வேண்டியவை அவைதான். ஒரு பெரிய மோதலில் மேலோடு சிதறியது என்ற விளக்கமும் அந்தக் கந்தகத்துக்குப் பதில் சொல்லியாக வேண்டும். 2018 அக்டோபரில் கிளம்பிய பெபிகொலம்போ என்ற ஐரோப்பிய-ஜப்பானிய விண்கலம் 2026 நவம்பரில் புதனின் சுற்றுப்பாதையில் நுழைவதாகத் திட்டம். உங்கள் மகளின் பட்டியலில் புதனுக்கு நேரே கொஞ்சம் இடம் விட்டு வைக்கச் சொல்லுங்கள்.